மாலையில் எங்கள் வீட்டில் சொர்க்கம்

ஓதில் ஏணியில் ஏறி, திராட்சைக் குலைகள் ஊறிக்கொண்டிருந்த தொட்டியின் மூடியைத் தள்ளினாள். உள்ளே தேங்கி நிற்கும் காற்று மூச்சை அடைக்கும். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் முழங்கை வரை விட்டு, ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். பல் பட்டதும் நாக்கைச் சுருக்கென்று கிள்ளியது. இன்னொன்றைப் பிய்த்துப் பார்த்தாள். சதை நடுவரைக்கும் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. இன்றைக்கே பிழிந்தாக வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் தம்பி லூசியேனுக்குத்தான். போன வருஷம் அக்கா ஒரு பீப்பாயில் செய்து பார்த்த ஒயினை லியோன் நகரத்து வியாபாரி ஒருவன் வாயில் வைத்துவிட்டு, இது ஒயினா, ஒயின் பாத்திரம் கழுவின தண்ணீரா என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தச் சொல் லூசியேன் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. அவர்கள் அப்பா செய்த ஒயின் மேசைவிரிப்பில் சிந்தினால் எத்தனை சலவைக்கும் போகாது. துமோலான் குடும்பத்து ஒயின் என்றால் அந்தக் கறைதான் என்று மலையே சொல்லும். ஓதிலோ, அப்பாவின் ஒயினைக் கத்தி வைத்து வெட்டித்தான் சாப்பிட வேண்டும் என்பாள். அவள் செய்ய நினைத்தது வேறு. மத்தியானம் திறந்தால், பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது பாட்டில் காலியாகியிருக்க வேண்டும். மருந்து கிடையாது, பொடி கிடையாது, பழமும் பொறுமையும்தான். அப்படிச் செய்கிறவளுக்குப் பிழிகிற நாள்தான் எல்லாம். நாள் தப்பினால் காம்பின் கசப்பு இறங்கும், அதன் பின்னாலேயே புளிப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மேட்டுத் தோட்டத்துப் பழம் முழுவதையும் இந்த ஒரு வருஷம் அக்கா இஷ்டத்துக்கு விடுவது, கெட்டுப்போனால் அடுத்த வருஷம் முதல் எல்லாம் அப்பா வழிக்கே திரும்புவது என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு முடிந்திருந்தது. அதற்கு ஒப்புக்கொண்ட லூசியேன்தான் இன்று காலை டிராக்டர் டயரை வண்டியில் ஏற்றிக்கொண்டே, தோலின் நிறம் சாற்றில் இறங்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பிழியலாம் என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடந்தது.

"அதுக்கு முன்னாடி செக்குல கை வெச்சேன்னா நீயே தனியா தள்ளிக்க அக்கா. நான் வரமாட்டேன்." வண்டியை எடுக்கும்போது அவன் சொன்னது இது.

பழம் பிழியும் அந்த மரச்செக்கின் தண்டைத் தனியாள் தள்ள முடியாது. ஓதில் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ரொட்டிக் கடைக்குப் போனாள்.

பிழியும்போது முதலில் ஓடிவரும் சாற்றுக்கு அந்த மலையில் சொர்க்கம் என்று பெயர். பாதி சர்க்கரை, பாதி போதை. அதை விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. அக்கம்பக்கத்தார் அவரவர் கிளாஸோடு வந்து நின்று குடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இன்று மாலை எங்கள் வீட்டில் சொர்க்கம் என்று ஒரு வீட்டார் சொல்லிவிட்டால், வானம் இடிந்து விழுந்தாலும் அன்றைக்குப் பிழிந்தே தீர வேண்டும். அதே தெருவில் இருக்கும் பர்னபேயின் தாத்தா ஒருமுறை சொல்லிவிட்டுப் பிழியாமல் விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நரகம் என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் வழி சொல்வார்.

ரொட்டிக் கடை ஓர்தான்ஸிடம் சொன்னால் போதும், கோயில் மணி அடித்த மாதிரி. இன்று மாலை எங்கள் வீட்டில் சொர்க்கம் என்று ஓதில் அவளிடம் சொன்னாள்.

"காலையில லூசியேன் ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டுப் போனானே?" என்றாள் ஓர்தான்ஸ்.

"டயரைச் சொல்லியிருப்பான்."

ஓர்தான்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கென்னம்மா, நான் கிளாஸைக் கழுவி வெச்சுடறேன்" என்று ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள்.

வெயில் சாயும்போது முற்றம் நிறைந்துவிட்டது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் காய்ந்த பன்றி இறைச்சியுமாக ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். லூசியேனின் வண்டி உள்ளே நுழைய இடமில்லாமல் வாசலில் நின்றது. இறங்கி வந்தவன் கூட்டத்தைப் பார்த்தான், அவர்கள் கையிலிருந்த கிளாஸ்களைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. நேராக அக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்ல?"

"பழம் இன்னிக்குன்னு சொல்லுது."

"வெளுத்துப் போனா?"

"வெளுப்பா இருக்கணும்னுதான்டா பிழியறேன்."

பர்னபேக்குக் காது கூர்மை. செக்கருகே நின்றபடியே குரல் கொடுத்தார். "என்னப்பா லூசியேன், உனக்குத் தெரியாமயே உங்கக்கா எங்களக் கூப்பிட்டுட்டாளோ? சொல்லிடு, போயிடறோம். எங்க தெருவுல இன்னொரு நரகம் வந்தா எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

ஆமாம் என்று லூசியேன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் கிளாஸைக் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள், பழம் தொட்டியிலேயே கிடக்கும். ஓதிலுக்கு அது தெரியும். இருந்தும் பதிலைத் தம்பியிடமே விட்டுவிட்டாள். தம்பியைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்தவள் அவள். ஒயின் கெட்டாலும் பொறுப்பான், வீட்டு வாக்குக் கெட்டது என்று நாலு பேர் சொல்லப் பொறுக்கமாட்டான்.

லூசியேன் கோட்டைக் கழற்றி வண்டிக் கதவில் மாட்டினான்.

"தெரியாம என்ன? நான்தான் கூப்பிடச் சொன்னேன். டயர்க்காரன் இழுத்தடிச்சுட்டான், அதான் தாமதம்."

ஓதில் சிரிக்கவில்லை. நீளப்பிடி வைத்த பெரிய முள்கரண்டியை எடுத்துத் தொட்டியிலிருந்து குலைகளை அள்ளிச் செக்கில் போட ஆரம்பித்தாள். லூசியேன் தண்டைப் பிடித்துத் தள்ளினான். மரச்சட்டங்களின் இடுக்கிலிருந்து சாறு கசிந்தது, பிறகு ஓடியது. மாதுளை முத்தின் நிறம்.

பர்னபே முதல் கிளாஸைக் குடித்தார். கேலி ஏதாவது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கிளாஸை மறுபடி நீட்டினார்.

லூசியேன் கடைசியாகத்தான் வாங்கினான். கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். அதன் வழியே எதிர்மேட்டு மணிக்கூண்டு தெரிந்தது.

"அந்தப் பக்கம் தெரியுதே அக்கா."

"தெரியட்டும். குடி."

குடித்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, இந்த முறை மெதுவாகக் குடித்தான்.

பாட்டிலில் யார் பேர் போடப் போகிறீர்கள், அப்பா பேரா, அக்கா பேரா என்று ஓர்தான்ஸ் கிண்டினாள்.

"எங்க ரெண்டு பேர் பேரும்தான். என் பேர் முதல்ல" என்றான் லூசியேன்.

"அது எப்படிடா?" என்றாள் ஓதில்.

"ஊரைக் கூப்பிட்டது நான்தானே? இத்தனை பேர் சாட்சி."

ஓதில் முள்கரண்டியைத் தொட்டிக்குள் விட்டாள். அடுத்த அள்ளு குலையைச் செக்கில் கொட்டி, "பேசினது போதும், தள்ளு" என்றாள்.