சுவரில் ஒட்டிய பாட்டு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்துச் சொல்லலாம். ஒரு கை போதாதென்றால் இரண்டு கையையும் வைக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம், சண்டைக் காலம். வரதராசன்பேட்டையில் செல்வநாதன் வாத்தியாருக்கு முப்பத்தெட்டு வயதிலேயே முன்மண்டையில் வழுக்கை விழுந்துவிட்டது. கடைத் தைலத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. விளக்கெண்ணெய், முருங்கைப் பிசின், கடுக்காய்த் தூள், கருப்பட்டிப் பாகு எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சித் தாமே ஒரு கூந்தல் தைலம் செய்தார். காலையில் குளியலறையில் நின்று அதை மண்டையில் அப்பிக்கொண்டு, அரை மணி கழித்துத் தலையை ஓர் உதறு உதறுவார். மண்டையில் ஒன்றும் முளைக்கவில்லை. தைலம் மட்டும் சுவரில் தேன் நிறத்தில் விரல் கனத்துக்கு ஏறியது.

முதலில் ஒரு தும்பி ஒட்டியது. பிறகு வெந்நீர் ஆவி, பூனைக்குட்டி அளவு மேகமாக ஒரு மூலையில் ஒட்டியது. அப்புறம் வெயில். காலை எட்டு மணிக்கு ஜன்னல் வழியாக வந்து சுவரைத் தொட்ட வெயில், தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. ஊரில் பொழுது சாய்ந்து ஆடுமாடு திரும்பினாலும், அந்த அறைக்குள் மட்டும் மெத்தென்று காலை எட்டு மணி. வாத்தியார் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காலடியில் மேகம் உரச, அங்கேயே பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் அது பெரிய சௌகரியம்.

மாதா கோயில் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் மனைவி இன்னாசிமேரி குளித்துவிட்டு வந்து நின்றாள்.

“என்னங்க, பேச்சு வருது. பாட்டு வரலியே.”

“சளியா இருக்கும். மெளகு தட்டிப் போட்டுக் குடி.”

“சளியுமில்ல, சனியனுமில்ல. இந்தச் சுவத்துல காதை வச்சுப் பாருங்க.”

வைத்தார். காது ஒட்டிக்கொண்டது. உள்ளே, கிணற்றடியில் யாரோ பாடுவதுபோல, அவள் தினமும் குளிக்கும்போது பாடும் மாதா பாட்டு மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

“பதினஞ்சு வருசமா திருநாப் பூசைக்கு நான்தான் பாட்டெடுத்துக் குடுக்குறேன். இந்த வருசம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கவா? உங்க மண்டையில நாலு மசுரு மொளைக்க எம் பாட்டு போவணுமா?”

பெண் பார்க்கப் போன அன்று, அவள் முகத்துக்கும் முன்பே வாத்தியாரிடம் வந்து சேர்ந்தது அந்தக் குரல்தான். காதைப் பிய்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். புளி போட்டுத் தேய்த்தார். செங்கல் தூள் போட்டார், சாம்பல் போட்டார். எல்லாம் தைலத்தோடு சேர்ந்து சுவரிலேயே குடியேறின. தேங்காய் நார்கூட ஒட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு காரியம் செய்தார். திருநாள் வந்தால் ஊரில் எல்லோரும் செய்வதுதான்: ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவருக்கு அடித்தார். சுண்ணாம்புச் சாந்து இறுகச் சேர்க்கும் கடுக்காயும் கருப்பட்டியும் முன்னமே சுவரில் காத்துக்கொண்டிருந்தன. உச்சி வேளைக்குள் சுவர் கருங்கல்லாக இறுகியது. உள்ளே பாட்டும் நின்றுபோனது.

கொத்தனார் அங்கமுத்துவைக் கூட்டி வந்தார். அவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

“வாத்தியாரய்யா, ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போட்ட சாந்துல்ல இது! அதைப் பீரங்கி வச்சுல்ல ஒடைச்சாங்க.”

“உளி போட்டா வராதா?”

“வரும். பாட்டு ரெண்டா ஒடைஞ்சா என்னைக் கேக்கப்படாது.”

“ஒடைஞ்ச பாட்டு எனக்கு வேணாம்,” என்றாள் இன்னாசிமேரி.

அங்கமுத்து யோசித்தார். “ஏம்மா, பலாப்பழம் அரிஞ்ச கையை எதுல தொடைப்பீங்க? தண்ணியிலயா?”

“எண்ணெயில.” சொல்லிவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். “பெரிய வாத்தியாரு! இது தோணல பாருங்க.”

நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் துணியில் நனைத்துச் சுவர் முழுக்க ஒற்றினார்கள். ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி ஒற்றினார்கள். மூன்றாம் நாள் சுவர் வியர்த்தது. அரப்புத் தூளைத் தூவி, கொதிக்கும் கஞ்சித் தண்ணீரை ஊற்றினார் வாத்தியார். தோசைக்கல்லில் வெந்த தோசை மாதிரி ஓரம் கிளம்பியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு விடாமல் உரித்தார்கள்.

தும்பி பறந்தது. அத்தனை நாள் வெயிலும் ஒரே மொத்தமாக வாசலில் கொட்ட, சேவல் நாற்பது தடவை கூவிக் களைத்தது. மேகம் மெல்ல மிதந்து போய் முருங்கை மரத்துக்கு மட்டும் மழை பெய்தது. கடைசியில் பாட்டு வந்தது. இன்னாசிமேரி வாயைத் திறந்து அதை அப்படியே விழுங்கினாள்.

திருநாள் பூசையில் பாட்டெடுத்தாள். ஒரு சுரம் குறையவில்லை. இரண்டாம் அடியில் மட்டும் அவள் தொண்டையிலிருந்து செம்புத் தண்ணீர் சலசலவென்று கொட்டும் சத்தம் வந்தது. பின்னால் நின்றவர்கள் குடையை விரித்தார்கள். மூன்றாம் அடியில், என்றோ சுவரில் ஒட்டிய வாத்தியாரின் தும்மல் ஒன்று வந்தது. பீடத்திலிருந்த சாமியார் திரும்பாமலே, “சேசு காப்பாத்தட்டும்,” என்றார். ஆண்கள் பக்கத்தில் நின்ற செல்வநாதன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார்.

அந்த வருஷம் அந்தத் தெருவில், வாத்தியார் வீடு உட்பட, எந்த வீட்டிலும் குளியலறை கிடையாது. எல்லோரும் ஏரியில்தான் குளித்தார்கள்.