இரண்டெழுத்து, ஒரு என்டர்

மவுஸைத் தொடுகிறவர்களைக் கண்டாலே திட்ட அதிகாரிக்கு இளக்காரம். அவருக்கு எதைத் திறக்கவும் இரண்டெழுத்தும் ஒரு என்டரும் போதும். அடிக்கடி திறப்பதை அவருடைய தேடல் பெட்டியே முதலில் நீட்டிவிடும்.

அன்றைய கூட்டத்தில் அவர் கணினி சுவர்த்திரையில் தெரிந்தது. "ரிப்போர்ட்டைக் காட்டுங்க," என்றார் மேலாளர். ஆர், ஈ என்று அடித்ததுமே, கண் பார்க்குமுன் கை என்டரைத் தட்டிவிட்டது.

திரை முழுக்க விரிந்தது ரிசிக்னேஷன் லெட்டர். ஒரு மாதமாகத் தினமும் திறந்து, ஒரு காற்புள்ளியை மாற்றி, அனுப்பத் துணிச்சலில்லாமல் மூடி வைத்த கடிதம். பாழாய்ப்போன பெட்டி அதையும் கவனித்திருக்கிறது.

மூடும் விசை எதுவென்று பத்து விரல்களுக்கும் மறந்துபோயிற்று. மேலாளர் கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. தேதி மட்டும் போடலையே," என்றார். "இன்னிக்கே போட்டுடலாமா?"