பதினோராம் பக்கத்துச் சிவப்பு எழுத்து

சண்டை ஓய்ந்த வருடம் அது. கடல் மறுபடி பொங்கினால் கரையோர ஊர்களுக்கு அறிவிக்கவென்று மட்டக்களப்பில் ஒரு நிறுவனம் மென்பொருள் செய்தது. அதற்குக் கைநூல் எழுதியவள் சுலோஜனா.

திரையில் 'செய்தி அனுப்பு' என்றொரு பொத்தான். அமுக்கினால் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்து ஜம்மென்று வரும். ஆனால் ஒருவருடைய தொலைபேசிக்கும் ஒன்றும் போகாது. அந்தப் பகுதியை மென்பொருள் எழுதும் றம்ஸீன் இன்னும் செய்து முடிக்கவில்லை. பதினோராம் பக்கத்தில் சுலோஜனா அதை அப்படியே எழுதிவைத்தாள்.

பொறுப்பதிகாரி நல்லரத்தினத்தின் முகம் சுருங்கிப்போயிற்று.

"புள்ள, உதவி தந்த ஆக்கள் திறப்பு விழாவுக்கு வாற நேரம் நம்மட குறைய நாமளே சொல்லுறதா? றம்ஸீன் அடுத்த மாசம் முடிச்சிருவான். அந்த வரிய எடு."

"அதுக்கிடையில கடல் வந்தா, சேர்?"

"வாய் காட்டாத!"

அந்த வரி இல்லாமலே புத்தகம் அச்சாகி வந்தது. கடல் என்ன, இவர்களிடம் நாள் கேட்டுக்கொண்டா வரும்? தங்கை தனுஷியாவைக் கொண்டுபோனபோது கேட்டதா? சுலோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும் என்று சிவப்புப் பேனையை எடுத்தாள். பன்னிரண்டு ஊர்களுக்குப் போகவிருந்த பன்னிரண்டு புத்தகத்திலும், பொத்தானின் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதினாள்: 'இது இன்னும் வேலை செய்யாது. பச்சை எழுத்தை நம்ப வேண்டாம். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள்.' கீழே அந்தந்த ஊரின் இலக்கங்கள்.

புத்தகங்கள் ஊர்களுக்குப் போன மூன்றாம் வாரம், ஒரு பின்னேரம் கடல் பொங்கும் என்று எச்சரிக்கை வந்தது. ஏறாவூர் நிலையத்தில் கணினிக்கு முன் வேலையிலிருந்த நபீஸா புத்தகத்தைப் பிரித்தாள். பொத்தானைத் தொடவேயில்லை. கால் மணித்தியாலத்தில் ஒலிபெருக்கிகள் அலற, கரைச் சனம் முழுவதும் உள்ளே ஓடிவிட்டது. கடல் வந்து ஆளில்லாத மீன்வாடிக் குடிசைகளை வழித்துக்கொண்டு போனது. ஓர் உயிர் போகவில்லை.

மறுநாள் நல்லரத்தினம் அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"இது ஆருட எழுத்து?"

"என்ட எழுத்து, சேர்." அவள் சிவப்பு வரியில் விரலை வைத்தாள். "பன்னிரண்டிலயும் இரிக்கி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நபீஸாட மூணு புள்ளையளும் கரையிலதான் நிண்டதாம். அவ பொத்தான அமுக்கிட்டுப் பேசாம இருந்திருந்தா..." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்த அச்சிலயும் இத சிவப்பிலயே போடு. றம்ஸீன் முடிச்சாப் பிறகு எடுக்கலாம். அதையும் நீதான் பார்த்துச் சொல்லணும்."

சுலோஜனா தலை நிமிர்ந்து வெளியே வந்தாள். தனுஷியா இருந்திருந்தால் அவளிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள்.