மிச்சமில்லாத கூரை

1

ஒரு கூரையில் சிங்கம் இல்லாததைப் பார்த்தேன். இந்தக் கதைக்கு முதல் அவ்வளவுதான். ஓகினாவாவின் இந்தச் சிறு தீவில் சிவப்பு ஓட்டு வீடு என்றால், தெருவைப் பார்த்த சரிவில் வீட்டுக்குக் காவலாக ஒரு சிங்கம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும். ஓடு வேய்ந்தவரே, மிஞ்சிய ஓட்டுத் துண்டுகளையும் சுண்ணாம்புச் சாந்தையும் சேர்த்துப் பிடித்துக் கொடுப்பார். அதற்குக் கூலி கிடையாது. அழகும் பெரும்பாலும் கிடையாது. நான் பார்த்த வீட்டில் கூரை புதிது, சிங்கம் இல்லை. ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

2

முதல் வாக்கியத்தை இப்படித் தொடங்கினேன்: "கடல் அன்று கூரைமேல் ஏறி..."

வேண்டாம். கடல் ஏறாது. ஏறியவள் நாவோ.

நாவோ ஓட்டுக் கடையில் அளவெடுப்பவள். பழைய ஓடுகளைச் சிங்கத்தோடு சேர்த்துப் புயல் கடலுக்கு அள்ளிப் போயிருந்தது. மரச்சட்டத்தின்மேல் நீலத் தார்ப்பாய் மட்டும் படபடத்தது. முகட்டிலிருந்து இறவாரம்வரை சரிவோடு நாடாவை ஓட்டினாள். தரையில் நின்று வீட்டின் அகலத்தை அளந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓடு பற்றாது.

வீட்டுக்காரர் மோரிமசா கீழே நாடாவின் முனையைப் பிடித்திருந்தார். அவர் மனைவி செட்சு, புயலுக்கு மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. கூரைமேல் சிங்கம் இல்லாத வீட்டில் தனக்குத் தூக்கம் வராது என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"எப்ப ஓடு வரும், தங்கச்சி?"

"சூளையில இருக்கறத நாலு வீட்டுக்குப் பிரிக்கணும்ண்ணே. அடுத்த சூளை வைக்க எப்படியும் அடுத்த வருசம் ஆயிடும்."

"அதுக்குள்ள எனக்குச் செதில் மொளைச்சிரும்."

பொய்யில்லை. தார்ப்பாய் வழியே இறங்கிய வெயிலில் வீடு முழுக்க நீலமாக இருந்தது. பாத்திரமும் படுக்கையும் நீருக்கடியில் கிடந்தன. மோரிமசா நடக்கும்போது கையால் எதையோ விலக்கிக்கொண்டே நடந்தார்.

(நாவோவை நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கிறது. வெட்டில் வீணாகும், உடையும் என்று எல்லோரும் பத்தில் ஒரு பங்கு கூட்டித்தான் கேட்பார்கள். அவள் கூட்டவில்லை. பெருமை என்று எழுதி அடித்தேன். இரக்கம் என்று எழுதி அதையும் அடித்தேன். நாலு வீடு, ஒரு சூளை. அது போதும்.)

3

அவள் கேட்ட ஓடு அந்தச் சூளையிலிருந்தே வந்தது. வேய்ந்தவர் சுகெரன். வலது மூலைக்குச் சாய்வாக வெட்டிய ஓட்டின் மறுபாதியை நாவோ சொன்னபடி இடது மூலையில் பொருத்தினார். கடைசி ஓடு உட்கார்ந்தபோது தரையில் சில்லுகூட இல்லை.

"ஒண்ணுகூட உடையல. என் ஆயுசுல இப்படி வேய்ஞ்சதில்ல."

"நானும் இப்படி அளந்ததில்லண்ணே."

இருவரும் சிரித்தார்கள். சாந்து அப்பிய கையோடு சுகெரன் சுற்றிலும் பார்த்தார்.

"சரி, சிங்கத்துக்கு?"

4

கூரை முடிந்தது என்று கேள்விப்பட்டுச் செட்சு பையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"கடையில வாங்கிக்கலாம்," என்றார் மோரிமசா. "மண்ணுல செஞ்சு விக்கிறாங்க."

"அது இந்தக் கூரையோட ஒடம்பு இல்ல. யார் வீடுன்னு அதுக்கு என்ன தெரியும்?"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"நீங்களே மேல ஏறி உக்காருங்க. வாய் ஏற்கெனவே பொளந்துதான் இருக்கு."

சுகெரன் சிரிப்பை அடக்க இருமினார். நாவோ சிரிக்கவில்லை.

"பின்சரிவுல நாலஞ்சு ஓடு எடுத்து உடைக்கலாம்க்கா. அந்த எடத்துல தகரம் வெச்சு அடைச்சிரலாம். ஆனா பெருமழைக்கு ஒழுகும்."

"எங்க ஒழுகும்?"

கூரை முழுதும் நாவோவின் தலைக்குள் இருந்தது. உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் நின்றாள். "இங்க."

"நான் படுக்கற எடம்தான்," என்றார் மோரிமசா. "எடுங்க. நனைஞ்சு பழகிருச்சு."

செட்சு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எங்க படுப்பீங்க?"

5

அதற்குப்பின், பையைக் கீழே வைத்தாள் என்று எழுதி அடித்தேன். பையைத் தோளில் மாட்டினாள் என்று எழுதி அதையும் அடித்தேன். சுகெரன் சுத்தியலோடு இன்னும் ஏணியில்தான் நிற்கிறார்.*

கூரையில் சிங்கம் இல்லை என்றேனே, அதை நான் தெருவிலிருந்துதான் பார்த்தேன். பின்சரிவில் தகரமோ சிங்கமோ இருக்கிறதா என்று பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

கதையில் மிஞ்சியவை இவை: கூரைமேல் ஏறாத கடல், அடித்த பெருமை, அடித்த இரக்கம், வைக்கவும் மாட்டவும் முடியாத ஒரு பை. நாவோவைப்போல் அளந்து எழுதியிருந்தால் இவையும் இருந்திருக்காது. இவற்றைச் சேர்த்துச் சிங்கம் பிடிக்கச் சாந்தை நீங்கள் குழையுங்கள். அழகாக வரவேண்டும் என்றில்லை. வாய் திறந்திருந்தால் போதும்.

* மழை வரும்போல் இருக்கிறது. சீக்கிரம்.