குளிப்பாட்டிய கியர் பாக்ஸ்

வியாழக்கிழமை காலை மாரத்தஹள்ளி பாலத்தின் மேல் ஆதிகேசவனின் கார் நின்றுவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கியரை எதில் போட்டாலும் சக்கரம் மட்டும் நகரவில்லை. பின்சீட்டில் வைட்ஃபீல்ட் ஆபீசுக்குப் போகிற மூன்று பேர். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஹாரன். மூன்று பேரும் இறங்கி, வேறு வண்டியைத் தேடிக்கொண்டு போனார்கள்.

தொம்மலூரில் ஷெட் வைத்திருக்கும் எத்திராஜ் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனான். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தான்.

"பாக்ஸ் உள்ள பல்லெல்லாம் பொடியாயிடுச்சுண்ணா. புதுசு போடணும்னா அந்தக் காசுக்கு இந்த வண்டியையே இன்னொண்ணு வாங்கிடலாம். பழைய பாக்ஸ் ஒண்ணு பாருங்க."

அப்போதே கேப் சூப்பர்வைசர் பரத்திடமிருந்து ஃபோன் வந்தது. "அண்ணா, ரெண்டு நாள் நான் எப்படியாச்சும் சமாளிக்கறேன். மண்டே காலையில உங்க வண்டி வரலைன்னா ரூட் வேற ஆளுக்குப் போயிடும். தப்பா நினைக்காதீங்க, என் கையில இல்ல."

அந்த ஒரு ரூட்டில்தான் ஆதிகேசவனின் வீடு இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவாஜிநகருக்குப் பின்னால் இருக்கும் பழைய பார்ட்ஸ் சந்தில், ஜபீவுல்லா பாய் கடையில் அதே மாடலுக்கான கியர் பாக்ஸ் கிடைத்தது. பாய் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஆதிகேசவனின் ஃபோன் நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு பெயிண்ட் பேனாவை எடுத்து அதன் மேல் வெள்ளையாகத் தன் கடைக்குறியையும் தேதியையும் எழுதினார்.

"மூணு நாள் செக்கிங். பிடிக்கலையா, கொண்டாங்க, வேற தர்றேன். ஆனா இந்த மார்க் பத்திரம். மார்க் இல்லாம வந்தா நக்கோ, வாங்க மாட்டேன்."

அவர் இதைச் சொல்லும் நேரம் பார்த்து பரத்தின் ஃபோன் மறுபடியும் வந்தது. ஆதிகேசவன் ஃபோனில் "ஆமா தம்பி, ஆமா" என்றான். பாயைப் பார்த்தும் அப்படியே தலையாட்டினான்.

எத்திராஜின் ஷெட்டுக்குப் பூட்டு சரியில்லை. அதனால் அன்று பாக்ஸ் ஆதிகேசவனின் வீட்டு வாசலில், கிழிந்த சாக்கின் மேல் இருந்தது. அவன் மனைவி லட்சுமம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, இது யாரோட வண்டியில இருந்ததாம்?"

"யாருக்குத் தெரியும்? அடிபட்ட வண்டியா இருக்கும். உடைச்சு வித்திருப்பாங்க."

அவள் பாக்ஸின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அடிபட்ட வண்டி என்றால் அதில் யாரோ இருந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்றோ. அந்தத் துக்கத்தை அப்படியே எடுத்து நம் வண்டிக்குள் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆதிகேசவன் கோயிலுக்குப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, துணியால் துடைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையையும் சுற்றிவிட்டாள். முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக ஒரு கற்பூரமும் காட்டினாள். திரும்பி வந்த ஆதிகேசவன் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பாக்ஸோடு லட்சுமம்மாவும் ஷெட்டுக்குப் போனாள். எத்திராஜ் பார்த்தான். "என்ன அண்ணி இது, பாக்ஸை மாட்டவா, இல்ல அதுக்குத் தாலி கட்டவா?"

சிரித்துக்கொண்டேதான் மாட்டினான். சாயங்காலம் சிரிப்பு நின்றுபோனது. ஒன்று முதல் ஐந்து வரை கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. கேபிளை இழுத்தான், தளர்த்தினான், லீவரை ஆட்டினான், திட்டினான். விழவில்லை.

"ரிவர்ஸ் இல்லாமலே நாலு நாள் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றான் ஆதிகேசவன்.

"முன்னாடி மட்டுமே போற வண்டிக்கு பெங்களூர்ல எங்கண்ணா ரோடு இருக்கு? உங்க சந்தை விட்டே பின்னாடிதானே வரணும்? கழட்டிக் கொண்டுபோய் மாத்திக்கலாம். மூணு நாள் செக்கிங் இருக்கில்ல? மார்க் இருக்கில்ல?"

ஆதிகேசவன் லட்சுமம்மாவைப் பார்த்தான். லட்சுமம்மா எத்திராஜைப் பார்த்தாள்.

"எந்த மார்க்?" என்றாள்.

எத்திராஜ் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய், அரை டீ குடித்துவிட்டு வந்தான். வந்த பிறகும் அவனுக்குக் கோபம் தணியவில்லை. "பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பாக்ஸைக் குளிப்பாட்டினவங்களை இப்பதான் பார்க்கறேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் திரும்பவும் இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, மூன்று பேருமாக சிவாஜிநகர் போனார்கள். லட்சுமம்மா வரவேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

சந்தின் முனையில் எத்திராஜ் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். எதிரே ஒரு பெயிண்ட் கடை.

"அண்ணா, ஒரு வெள்ளைப் பேனா வாங்கிட்டு வர்றேன். பாய் போடற குறி எனக்குத் தெரியும், அவர் கடையில எல்லாப் பாக்ஸ்லயும் அதே குறிதான். அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம்டா."

"ஏன் வேண்டாம்? இது அவர் பாக்ஸ்தானே?"

"அவர் பாக்ஸ்தான்."

"அப்போ இதுல பொய் எங்க வந்துச்சு?"

ஆதிகேசவன் யோசித்துப் பார்த்தான். எத்திராஜ் சொல்வது சரி போலத்தான் இருந்தது. நாளைக் காலை ஆறு ஐம்பதுக்கு வண்டி பிக்கப் இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் ஞாபகத்தில் இருந்தது. ஆனாலும் இன்னொரு மனிதனின் கையெழுத்தைத் தன் கையால் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பது எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

"தெரியலடா. வேண்டாம், அவ்வளவுதான்."

"ரூட் போனா அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்று எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடையில் ஜபீவுல்லா பாய் பாக்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"மார்க் எங்க?"

"அழிஞ்சிடுச்சு பாய்."

"அரே, எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. என் நல்ல பாக்ஸை வச்சுக்கிட்டு, அவங்க வண்டியில இருந்த செத்துப்போன பாக்ஸைக் கொண்டுவந்து வைப்பாங்க. போன மாசம் மட்டும் ரெண்டு பேர். மார்க் இல்லாம நான் மாத்திக் கொடுத்தேன்னா அடுத்த மாசம் நான் கடை வைக்க முடியாது. நீங்களே சொல்லுங்க."

எத்திராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் ஆதிகேசவன், "நீங்க சொல்றது நியாயம்தான் பாய்" என்று சொல்லிவிட்டான். எத்திராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அவர் மேல தப்பில்லைங்க. அழிச்சது நான்" என்றாள் லட்சுமம்மா. "அடிபட்ட வண்டியில இருந்து வந்ததுன்னு சொன்னாரு. அதுல இருந்தவங்க யாரோ, என்ன ஆனாங்களோன்னு மனசு கேக்கல. தேய்ச்சுக் கழுவி, அவங்களுக்காக ஒரு கற்பூரம் காட்டினேன். மார்க்கு கீர்க்குன்னு எனக்குத் தெரியாது."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். அதைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"ஹோசூர் ரோடு வண்டி அது" என்றார் கடைசியில். "புருஷன், பொண்டாட்டி, ஒரு குழந்தை. அவருக்குக் கால் மட்டும் முறிஞ்சுது. மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காங்க."

"அப்பாடா" என்றாள் லட்சுமம்மா. பாக்ஸை மாற்ற முடியாது என்பதே அந்த நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"இத்தனை வருஷத்துல எவ்வளவோ பேர் என்கிட்ட விலை கேட்டிருக்காங்க. இதை ஒருத்தரும் கேட்டதில்ல." பாய் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "பாருங்கம்மா, மாத்தித் தர மாட்டேன். மார்க் இல்லைன்னா இல்லதான். ஆனா திறந்து பார்க்கறேன். ரிவர்ஸ்தானே விழல?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். "வர்றேன்" என்று சொல்லிவிட்டு பாய் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். எத்திராஜ் கொஞ்ச நேரம் முறைப்பாக நின்றான். பிறகு அவனும் எதிரில் உட்கார்ந்து மறுபக்கத்து போல்ட்டுகளைக் கழற்றினான். உள்ளேயிருந்து இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

ரிவர்ஸ் பல்லைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன இரும்புக் கவை வளைந்திருந்தது. பாய் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நீங்க வளைச்சதுன்னு நான் சொல்லலாம். ஆனா பாருங்க, வளைஞ்ச இடத்துல பழைய கரி ஏறியிருக்கு. முன்னாடியே வளைஞ்சதுதான். பார்க்காம வித்தது என் தப்பு."

மூலையில் கிடந்த வேறொரு உடைந்த பாக்ஸிலிருந்து நல்ல கவை ஒன்றை எடுத்துப் பொருத்தினார். மூடி, திருகி, லீவரைக் கையால் அசைத்துக் காட்டினார். கிளிக் என்று விழுந்தது. மணி நாலாகியிருந்தது. காசு கொடுக்கப் போன ஆதிகேசவனின் கையைத் தள்ளிவிட்டு, பெயிண்ட் பேனாவை எடுத்து மறுபடியும் குறி போட்டார்.

"இன்னும் மூணு நாள். அம்மா, இந்தத் தடவை குளிப்பாட்ட வேண்டாம், சரியா?"

தன் கடைச் சட்டத்தை அவர் அன்று ஒரு அங்குலமும் தளர்த்தவில்லை. தன் மத்தியானச் சாப்பாட்டைத்தான் தள்ளிப் போட்டார். சட்டத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் கடவுள் எப்போதும் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார். அங்கே போய் நிற்பவர்கள்தான் குறைவு.

ராத்திரி ஏழரை மணிக்குள் எத்திராஜ் ஷெட்டில் பாக்ஸை வண்டியில் மாட்டி முடித்தான். கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, "இன்னிக்கு என்கிட்ட எதுவும் பேசாதீங்கண்ணா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு வண்டி பிக்கப் இடத்தில் நின்றது. பரத் லொகேஷனைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினான். ஒன்பது மணிக்கு வைட்ஃபீல்டில் ஆட்களை இறக்கிவிட்டு ஆதிகேசவன் வண்டியைத் திருப்ப முயன்றபோது ஃபோன் அடித்தது. புது நம்பர்.

"ஜபீவுல்லா பேசறேன். ரிவர்ஸ் விழுதா?"

"விழுது பாய். இப்பதான் போட்டேன்."

"சத்தம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல பாய்."

"சரி. வைக்கறேன்."

குறுக்கே நின்ற காரால் வழி கிடைக்காத ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் கண்ணாடி வழியாக அந்த டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மெதுவாகப் பின்னால் வந்தான்.