நாலணாத் தபால்தலையின் கோந்து

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த தீனதயாளனுக்குப் பழைய தபால்தலைகள் மேல் தீராத பைத்தியம். சேலத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்கள் தபால்தலைகளைக் கொண்டுவந்து, அசலா போலியா என்று அவரிடம் கேட்பார்கள். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

எண்பத்தேழில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த சமயம். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கியிருந்த வெள்ளிமலைக்காரர் பச்சமுத்து கடைக்குள் வந்து, ஒரு மெழுகுத்தாள் மடிப்பை மேஜை மேல் வைத்தார். உள்ளே கிழிக்காமல் ஜோடியாக இரண்டு தபால்தலைகள். விக்டோரியா ராணியின் தலை போட்ட பச்சை நிற நாலணா. முத்திரை குத்தாதவை. பின்பக்கம் கோந்து அப்படியே மினுங்கியது.

"எங்கப்பா காட்டிலாகா தொரகிட்ட சமையலுக்கு இருந்தாருங்க. தொர சீமைக்குப் போறப்ப குடுத்தது. இந்த மாரி ரொம்பக் கம்மியாத்தான் கீதுன்னு சொன்னாராம். நெசமாங்க?"

வழக்கமாகப் பேப்பர் படிக்க வரும் நண்பர்கள் மூன்று பேர் அப்போது கடையில் இருந்தார்கள். தீனதயாளன் தபால்தலைகளைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை காட்டினார். காகிதம் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

"ஸ்டாம்பு பழசுதான். ஆனா யூஸ் பண்ணது. முத்திரைய கழுவிட்டு, டீத்தண்ணியில நனைச்சு, புதுசா கோந்து தடவியிருக்கான். நம்ம ஊர் மழைக்கு நூறு வருஷத்துக் கோந்து இப்பிடி நிக்குமா?" என்று நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு பச்சமுத்துவிடம் திரும்பினார். "உங்கப்பன் யார்கிட்டயோ ஏமாந்துட்டான். இல்லன்னா உன்னை ஏமாத்திட்டான்."

பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்.

"தண்ணியில போடாதீங்க ஐயா. அப்பா அதுமேல ஈரமே பட வுடமாட்டாரு."

"இரு, காட்டறேன்."

ஜோடி தண்ணீரில் மிதந்து, சுருண்டு, மூழ்கியது. கோந்து கரைந்து வந்தது. அழித்த மசியின் சாயல் எங்காவது தெரியும் என்று பார்த்தார். தெரியவில்லை. தண்ணீரிலிருந்து மெல்லிய புகைவாசம் வந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. "பாத்தியா, எவ்ளோ சுளுவா கரையுது" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள். பச்சமுத்து ஈரமான ஜோடியைத் துண்டில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் புகைவாசம் தீனதயாளனை விடவில்லை. போலி செய்கிறவன் யார் என்று துப்பறியப் போவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டு, வடக்கனந்தல் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்த அன்றே மறியல் தொடங்கியது. கீழே சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள், பஸ் எதுவும் ஓடாது என்று ஜீப்காரர்கள் சொன்னார்கள். தங்க இடமில்லை. பச்சமுத்துவே வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். கடையில் நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

பச்சமுத்துவின் மனைவி தைலம்மாள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தாள். சாப்பிடும்போது தீனதயாளன் நிமிர்ந்து பார்த்தார். அடுப்புக்கு மேலே, கரியேறிய மூங்கிலில் சுரைக்குடுவைகள் தொங்கின. அவற்றின் நடுவே ஒரு தகர டப்பாவும் தொங்கியது.

"அது இன்னாம்மா?"

"வெதச் சாமைங்க. பொகையில கெடந்தா ஈரம் அண்டாது. மாமனாரு அந்த டப்பாவையும் அங்கதான் கட்டி வெச்சிருந்தாரு. மிச்சம் ஒரு ஸ்டாம்பு அதுலதான் கீது."

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு டப்பாவை வாங்கி, உள்ளே இருந்த தபால்தலையை வாசல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிற்பாடு தடவிய கோந்து என்றால் ஓரத்துப் பற்களின் நுனிவரை வழிந்து காய்ந்திருக்கும். விரலால் தொட்டால் முள்ளாகக் குத்தும். இதில் நுனிகளில் காகித நார் பஞ்சாக, மெத்தென்று இருந்தது. பல் வெட்டுவதற்கு முன்பே, அச்சடித்த அன்று தடவிய கோந்து. பழுப்பும் டீத்தண்ணீர் இல்லை, அடுப்புப் புகை.

இந்த நாலணாவில் முத்திரை விழுந்தவை எத்தனையோ கிடைக்கும். முத்திரை விழாமல், பிரியாத ஜோடியாக, முதல் கோந்தோடு அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காததால் இருக்கவே முடியாது என்று முடிவு கட்டியிருந்தார். கடையில் இந்தக் கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அந்த ஜோடியைச் சேலத்துக்காரர் ஒருவர் காரில் கொண்டுவந்திருந்தால் கிண்ணத்தில் போட்டிருப்போமா என்று யோசித்தார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அதைச் சொல்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் காலை, கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த பச்சமுத்துவிடம் போய் நின்றார்.

"அது நெசந்தாங்க. உங்கப்பா சொன்னது. நான்தான் தண்ணியில போட்டுக் கெடுத்துட்டேன்."

பச்சமுத்து கோடரியைக் கீழே வைத்தார்.

"காய வெச்சா பழையபடி ஆவாதுங்களா?"

"ஆவாதுங்க."

"போனது போவட்டும். எங்கப்பாவ பொய்யருன்னு நாலு பேரு எதிர்ல சொன்னீங்க. இதயும் அங்கியே வந்து சொல்லுங்க."

சாலை திறந்ததும் முதல் பஸ்ஸில் இருவரும் இறங்கினார்கள். வழியெங்கும் வெட்டிய புளியமரங்களை ஓரமாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள். கடையைத் திறந்ததுமே அதே மூன்று பேர் வந்துவிட்டார்கள். போராட்டச் செய்தியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியர் அறிவுச்செல்வன், "போலிக்காரன் மாட்டினானா?" என்று கேட்டார்.

தீனதயாளன் கல்லாப் பக்கம் திரும்பி, மருந்துப் பெட்டிகளை நகர்த்தியபடியே, "அன்னைக்கு ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு" என்று முனகினார்.

பச்சமுத்து வாசற்படியிலேயே நின்றிருந்தார். "கேக்கலீங்க" என்றார்.

மருந்து வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீனதயாளனுக்குக் காது மடல் எரிந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்து நின்றார்.

"இவரு அப்பா சொன்னது அத்தனையும் நெசம். அந்த ஜோடி அசல். அந்த மாரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல. சரியாப் பாக்காம, பெரிய மனுஷன் மாரி பேசி, நான்தான் அதைப் பாழாக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. அறிவுச்செல்வன் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பச்சமுத்து உள்ளே வரவில்லை. "வரேங்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். ஒரு பெண் மருந்துச் சீட்டை நீட்டினாள். தீனதயாளன் அதை வாங்கிப் பார்த்தார். எழுத்து எதுவும் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை.