எஸா என்றால் எந்தச் சுவர்

சம்பந்தி வருகிறார் என்று மருமகள் சொன்னபோது பெயின்டருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நாள் தங்குகிறார், இளசுகள் குடிபோகும் வீட்டுக்குக் கட்டில், அலமாரி எல்லாம் தன் கையாலேயே செய்து தரப் போகிறார் என்றபோது இன்னும் சந்தோஷம். அந்தப் பத்து நாளும் காலி வீட்டில் அவரும் நீங்களும் மட்டும்தான் என்று மகன் சொன்னபோதுதான் அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது.

சம்பந்தி மரவேலைக்காரர். ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. பெயின்டரோ வேலை செய்யும்போது வாய் ஓயாத ஆள். "இவர் பெயின்ட் அடிக்கிற சுவருக்குக் காது இருந்தா எப்பவோ செவிடாகியிருக்கும்" என்பாள் அவர் மனைவி. அப்படிப்பட்டவர் பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதாவது!

சாப்பாட்டு மேசையில் மருமகளிடம் விண்ணப்பம் போட்டார். "பெரிசா ஒண்ணும் வேணாம்மா. சாமான் பேரெல்லாம் கையைக் காட்டிச் சொல்லிக்கலாம். இந்த, அந்த, அது மட்டும் சொல்லிக் குடு. அத வச்சே சமாளிச்சிடுவேன்."

மருமகள் தமிழைத் தன் கணவனிடம் கற்றவள். அவன் அவளிடம் எப்படிப் பேசுவானோ அப்படியே எல்லோரிடமும் பேசுவாள். "மாமா, நீ இங்க பாரு" என்று தன் டம்ளரைத் தொட்டாள். மாமியார் ஒருமுறை "நீங்கன்னு சொல்லும்மா" என்று திருத்தப் போய், பெயின்டர் தடுத்துவிட்டார். அந்த 'நீ' அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.

"எனக்குப் பக்கத்துல இருக்கா, எஸ்தெ. உனக்குப் பக்கத்துல இருக்கா, எஸெ. நம்ம ரெண்டு பேருக்கும் தூரமா, அந்த ஜன்னல் மேல இருக்கு பாரு, அக்கெல்."

"மூணா? நமக்கு ரெண்டுதானேம்மா. இந்த, அந்த. நடுவுல ஒண்ணு எதுக்கு?"

"நமக்கும் மூணுதாங்க இருந்தது" என்றாள் மனைவி, சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "அ, இ, உ. சுட்டெழுத்துன்னு பள்ளிக்கூடத்துல படிக்கல? அது, இது, உது."

"அந்த 'உ' போனதே நல்லதுக்குத்தான்" என்றார் பெயின்டர்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. ஆணுக்கு எஸ்தெ, எஸெ, அக்கெல்; பெண்ணுக்கு எஸ்தா, எஸா, அக்கேயா. பல ஆண்களுக்கு எஸ்தோஸ், பல பெண்களுக்கு எஸ்தாஸ். உயிரில்லாத பொருளுக்கும் அப்படியே. சுவர் பெண், கதவு பெண், ஏணி பெண், பிரஷ் பெண், பெயின்ட்டும் பெண். கூரை மட்டும் ஆண். "அதான் எல்லாத்துக்கும் மேல ஏறி சும்மா உக்காந்திருக்கு" என்றாள் மனைவி. மருமகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

அன்றிரவு படுக்கப் போகுமுன் பெயின்டர் பாடத்தைத் தன் வசதிக்குச் சுருக்கிக்கொண்டார். எஸ்தா என்றால் இந்த. எஸாவும் அக்கேயாவும் அந்த. கதை முடிந்தது.

விமான நிலையத்தில் இறங்கிய சம்பந்தி ஒல்லியாக, நெடுநெடுவென்று, முன்கையில் மரத்தூள் நிறத்தில் மயிருமாக இருந்தார். மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, "எஸ்தா நின்யா, எஸ்தா நின்யா" என்று பெயின்டரிடம் காட்டினார். 'இந்தப் பொண்ணு' என்கிறார் என்று பெயின்டருக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் பரீட்சையிலேயே தேறிவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது.

முதல் நாள் வேலை ஓடிவிட்டது. மத்தியானம் பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிடும்போது சம்பந்தி நெடுநேரம் ஏதோ சொன்னார். அக்கேயா காஸா என்றார், அக்கேயோஸ் ஆன்யோஸ் என்றார். கையை எங்கோ தூரத்துக்கு நீட்டினார். பெயின்டருக்கு அந்த 'அக்கேயா' மட்டும் பிடிபட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எதைக் காட்டுகிறார் என்று விளங்காமல் தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

சாயங்காலம் மருமகளைக் கேட்டபோது, "ஐயோ மாமா, வருஷத்துக்கும் அக்கெல்தான். ரொம்ப முன்னாடின்னு அர்த்தம்" என்றாள். "அந்த வீடு, நாங்க முன்னாடி இருந்த வீடு. ஏழு வயசுல தனியாப் படுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சேன். அப்பா கேட்டாரு, என்ன குடுத்தா படுப்பேன்னு. தலைமாட்டுல சுவரு நீலமா வேணும்னேன். அன்னிக்கே அடிச்சாரு. அப்புறம் அந்த வீட்டை வித்துட்டோம். இப்பவும் எனக்குத் தலைமாட்டுல நீலம் வேணும் மாமா. எந்தச் சுவருன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், நீ கேட்டுக்கோ."

மறுநாள் படுக்கையறை. எதிரெதிரே இரண்டு சுவர்கள். கதவை ஒட்டிய சுவரருகே நின்று பெயின்டர் நீலத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி எதிர்ச் சுவரில் ஒரு நீளப் பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, முதுகைக் காட்டியபடி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, அஸுல்?" என்றார் பெயின்டர். நீலம் என்ற வார்த்தையைக் காலையில்தான் மனப்பாடம் செய்திருந்தார்.

சம்பந்தி திரும்பவில்லை. கை இரண்டும் பலகையில். "எஸா" என்றார். "எஸா பரேத்."

பரேத் என்றால் சுவர். எஸா என்றால் அந்த. அந்தச் சுவர் என்றால் எதிரே அவர் நிற்கிற சுவர். பெயின்டர் திருப்தியாகத் தலையாட்டினார். சம்பந்தி பலகைகளை அறுக்கக் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனார். பெயின்டர் ஏணியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார்.

இரண்டு மணி நேரத்தில் சுவர் முடிந்தது. ஒரு சொட்டு தரையில் இல்லை, மூலையில் ஒரு பிசிறு இல்லை. பின்னால் நின்று பார்த்தபோது அவருக்கே கண் குளிர்ந்தது.

அலமாரியின் பின்பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சம்பந்தி மாடியேறி வந்தார். வாசலில் நின்றார். சுவரைப் பார்த்தார், பெயின்டரைப் பார்த்தார், கையிலிருந்த பலகையைப் பார்த்தார். அந்தச் சுவர் முழுவதையும் அடைத்து நிற்கப்போகிற அலமாரியின் முதுகு அது. நீலம் ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியாது.

பெயின்டருக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. தொழிலுக்கு வந்த நாள் முதல் சுவர் மாற்றி அடித்தவர் இல்லை அவர். அதுவும் யார் வீட்டில், யார் முன்னால்.

"எஸா..." என்று இழுத்தார், நீலச் சுவரைக் காட்டி.

சம்பந்தி பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, பெயின்டரின் இரண்டு தோளையும் பிடித்து, கதவை ஒட்டிய சுவரருகே அவர் முன்பு நின்ற இடத்திலேயே நிறுத்தினார். தான் போய் எதிரே நின்றார். பெயின்டரின் பக்கத்திலிருந்த சுவரைச் சுட்டி, "எஸா" என்றார். தன் பக்கத்து நீலச் சுவரைத் தொட்டு, "எஸ்தா" என்றார். பெயின்ட் விரலில் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மதிலைக் காட்டி, "அக்கேயா."

உனக்குப் பக்கத்தில் இருப்பது. மருமகள் டம்ளரை வைத்துச் சொன்னதை நடுவில் ஒன்று எதற்கு என்று தூக்கி எறிந்தோமே என்று பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளை வாளியைத் தேடி ஓடினார். அவள் வருவதற்குள் ஒரு கை பூசி மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நீலத்தின் மேல் வெள்ளை ஒரு கையில் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வாளியைத் திறந்தார்.

சம்பந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அளவு நாடாவை எடுத்துக் கதவுப் பக்கத்துச் சுவரை அளந்தார், மறுபடியும் அளந்தார். அங்கே ஒரு சுவிட்ச் பெட்டி இருந்தது. பலகையில் அதற்கு ஒரு சதுரம் வரைந்து, அறுத்துவிடலாம் என்று கையால் காட்டினார். அலமாரி இங்கே. அப்படியானால் கட்டில்? அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தவர், போய் நீலச் சுவருக்குத் தலையை வைத்துத் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். கையை மார்பின் மேல் கோத்து, கண்ணை மூடி, லேசாகக் குறட்டை வேறு விட்டார்.

பெயின்டருக்கு உயிர் திரும்பி வந்தது. இடம் போதுமா என்று பார்க்க அவரும் பக்கத்தில் போய்ப் படுத்தார். இரண்டு பேருக்கும் தாராளமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்த மருமகள் கதவைத் திறந்தபோது, இரண்டு அப்பாக்களும் தரையில் அக்கம் பக்கமாகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு கணம் பயமாகிவிட்டது. பிறகு நீலத்தைப் பார்த்தாள்.

"இது வேற சுவராச்சே. யாரு மாத்தினது?"

சம்பந்தி எழுந்து உட்கார்ந்து முந்திக்கொண்டு ஏதோ சொன்னார். "அப்பாதான் தப்பாச் சொல்லிட்டாராம்" என்றாள் மருமகள்.

பெயின்டரும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனின் தவறைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வதை அவர் இவ்வளவு வருஷத்தில் இரண்டு முறைகூடப் பார்த்ததில்லை. "நோ" என்றார். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார். "எஸ்தெ பிந்தோர். எஸ்தெ." இந்தப் பெயின்டர்தான்.

"ஆண்பால் சரியா வந்துடுச்சு மாமா" என்றாள் அவள். ஜன்னலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இங்கதான் நல்லா இருக்கு. காலைல கண்ணு கூசாது. நான்தான் தப்பா யோசிச்சேன்." ஆக, தவறுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடியதில் அது யாருக்கும் இல்லாமல் போயிற்று.

மிச்ச நாட்களில் பெயின்டர் வாயைத் திறந்துவிட்டார். பாதி தமிழ், பாதி சுட்டு விரல், நடுநடுவே எஸ்தோஸ், எஸாஸ். சம்பந்தியும் அவர் பாஷையில் சளைக்காமல் பதில் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் இருவரும் சண்டை போடுகிறார்களோ என்று மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி நாள் சாயங்காலம் மருமகள் ஏணியில் ஏறித் திரைச்சீலை மாட்டினாள். பெயின்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி மெதுவாக, பெயின்டருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கூயிதெமெ அ எஸா நின்யா." முதல் வார்த்தை என்னவென்று தெரியவில்லை, பார்த்துக்கொள்ளச் சொல்கிற தொனி மட்டும் புரிந்தது. ஆனால் வந்த அன்று எஸ்தா என்றவர் இன்று எஸா என்கிறார். உங்கள் பக்கத்தில் இருக்கிற பெண். பெயின்டர் ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"ஸி, சம்பந்தி" என்றார். "எஸ்தா நின்யா."

மேலே இருந்தவள் திரையை மாட்டுவதை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒரு வளையம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் விமான நிலையத்தில், பெட்டியை எடைபோட்டு அனுப்பிய பிறகு, பெயின்டர் மருமகளின் காதில் கேட்டார். "மறுபடி வாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"புவெல்வா."

அவர் சொன்னார். சம்பந்தி அவரை இழுத்து அணைத்துக்கொண்டு பதில் சொன்னார். "அடுத்த தடவை நீங்க ரெண்டு பேரும்தான் அங்க வரணும்னு சொல்றாரு" என்றாள் மருமகள். "வீட்டுல ஒன்பது சுவர் வெள்ளையா இருக்காம்."

வீடு திரும்பும்போது மனைவி பின் இருக்கையில் மருமகளிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். "ஏம்மா, போதும், தட்டுல இன்னும் சாப்பாடு வைக்காதீங்கன்னு உங்க பாஷைல என்ன?"